ஓலைப்பெட்டிக்கு யார் விலை வைப்பது?



கைவினைகளின் பண்பாட்டு மதிப்பையும் பொருளாதார மதிப்பையும் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் காஷ்மீரில்தான் தொடங்குவார்கள். சால்வை, கம்பளம், வால்நட் மரச் செதுக்கல், காகிதக் கூழ்ப் பெட்டி என்று சொல்லச் சொல்லச் சபை தலையாட்டும். பழவேற்காட்டுப் பனையோலைப் பெட்டி என்றால் அதே சபை, "அதுவா, சும்மா இருக்கிற நேரத்தில் பொம்பளைங்க பின்னுவாங்களே" என்று சொல்லும். இந்த "சும்மா இருக்கிற நேரம்" என்பதைத்தான் இன்றைக்கு எதிர்த்துப் பேசப் போகிறேன். காஷ்மீருக்கும் போவேன். ஆனால் இந்தப் பழவேற்காட்டு ஏரிக்கரையிலிருந்து புறப்பட்டுப் போய்விட்டு இங்கேயே திரும்பிவிடுவேன்.

முதலில் ஏரிக்குள் இறங்கிப் பார்ப்போம். இருளர் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தும் தவழ்ந்தும், கையால் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்கும். பிடித்த இறாலைப் போட ஓலையில் பின்னிய பறி ஒன்று உண்டு. அதைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். கழுத்தை நிமிர்த்தியபடி மணிக்கணக்காக அப்படியே நகர்வார்கள். அந்தப் பறி பல் தாங்கும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும், தண்ணீர் உடனே வடிய வேண்டும், உள்ளே போன இறால் துள்ளி வெளியே விழவும் கூடாது. இவை மூன்றையும் சரிக்கட்டிப் பின்னுவது எளிய காரியமில்லை. எந்தக் கைவினைக் கண்காட்சியிலும் நான் அந்தப் பறியைப் பார்த்ததில்லை. அழகுக்காகச் செய்தால்தான் கைவினை, பிழைப்புக்காகச் செய்தால் அது வெறும் சாமான் என்று நாம் ஒரு கோடு கிழித்து வைத்திருக்கிறோம். அந்தக் கோட்டில் எனக்கு நம்பிக்கை கிடையாது.

இந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் பெண்கள் செய்யும் ஓலை வேலை இன்னொரு வகை. பனங்குருத்தை வெயிலில் காயவைத்து, ஈர்க்கை உரித்து எடுத்து, ஓலையை இழை இழையாக வகிர்கிறார்கள். வகிர்வதில்தான் வித்தை இருக்கிறது. கத்தி நுனியை ஓலையின் தலைப்பில் ஒரு முறை ஊன்றிவிட்டு, பிறகு கத்தியை அசைக்காமல் ஓலையை மட்டும் இழுக்கிறார் ஒரு பெரியம்மா. இழை ஒரே அகலத்தில் வந்துகொண்டே இருக்கிறது. கண் ஓலையில் இல்லை. பேச்சு என்னோடு, காது அடுப்பில் கொதிக்கும் சாயத் தண்ணீரில். சாயம் ஏறிய இழைகளை நிழலில் உலர்த்தி, பின்னும்போது மறுபடி ஈரம் காட்டி மெதுப்படுத்துகிறார்கள். காய்ந்த ஓலை மடித்தால் வெடிக்கும், ஈரம் மிஞ்சினால் பின்னிய பிறகு சுருங்கி இடைவெளி விடும். அதனால் உச்சி வெயிலில் பின்னுவதில்லை. விடியலிலும், கடல்காற்று வந்த பிறகு மாலையிலும்தான் கை ஓடும்.

அவர் முடித்து வைத்திருந்த மூடிப் பெட்டி ஒன்றை எடுத்து மூடியைப் போட்டுப் பார்த்தேன். அது விழவில்லை, உள்ளே இருந்த காற்று பக்கவாட்டில் மெல்ல வெளியேற, தானாக இறங்கி உட்கார்ந்தது. "இறங்கணும் ஐயா. டக்குனு விழுந்தா தளர்ச்சி, நின்னுட்டா இறுக்கம். ரெண்டுமே கடையில திரும்பி வந்துடும்" என்றார். பெட்டி இரட்டைச் சுவர் கொண்டது. வெளிச்சுவரில் நிறக்கட்டம், உள்ளே வெள்ளோலை. தச்சர் ஒருவர் மரத்தில் இப்படி ஒரு மூடி செய்தால் நாம் அவரை ஆசாரி என்று மரியாதையோடு அழைப்போம். இவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் பயனாளி.

இந்த ஊருக்கு உலகப் புகழ் தந்தது ஓலை இல்லை, துணி. 1610இல் சந்திரகிரியில் இருந்த விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரிடம் ஒல்லாந்தர் அனுமதி பெற்றார்கள். 1613இல் இங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் இதுதான். கோட்டை எதற்காக? அவர்கள் தேடிப் போனது ஜாதிக்காயும் கிராம்பும். அவை விளைந்தது கிழக்கே மொலுக்காத் தீவுகளில். அந்தத் தீவுக்காரர்கள் வெள்ளிக்காசைவிட நம் பக்கத்துத் துணியை விரும்பி வாங்கினார்கள். ஆகவே வெள்ளி கொடுத்து இங்கே துணி, துணி கொடுத்து அங்கே கிராம்பு. ஹென்ட்ரிக் பிரவுவர் என்ற ஒல்லாந்த அதிகாரி 1612லேயே சோழமண்டலக் கரையை மொலுக்காவின் இடது கை என்று எழுதி வைத்தார். கப்பல்களில் துணி மட்டும் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பஞ்ச காலங்களில் மனிதர்களை அடிமைகளாக வாங்கி இதே துறையிலிருந்து ஜாவாவில் இருந்த பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். இங்குள்ள ஒல்லாந்தர் கல்லறைகளின் செதுக்கு வேலையைப் படம் எடுக்க வருகிறவர்களிடம் இதையும் யாராவது சொன்னால் நல்லது.

இங்கிருந்து போன கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு ஊரின் பெயரே பெயராகிவிட்டது. மலேசியாவில் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை இன்றும் "கைன் பெலிகாட்" என்கிறார்கள். இலங்கையில் "பளையகாட்" சாரம். கைக்குட்டை அளவில் சதுரம் சதுரமாக நெய்ததை மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியத் தீவுகளுக்கும் ஐரோப்பிய வணிகர்கள் கொண்டுபோனார்கள். பின்னாளில் மெட்ராஸ் கைக்குட்டை என்று பெயர் மாறியது. நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்களிடம் அது "இஞ்சிரி" ஆனது. அங்கே பெண்கள் நெய்து முடித்த துணியில் சில இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, கட்டத்துக்குள் புதிய கோலம் ஒன்றை உண்டாக்குவார்கள். பிறப்பிலும் சாவிலும் அந்தத் துணி வேண்டும். வாங்குகிறவர்கள் மோந்து பார்த்தே அசல் எது, போலி எது என்று பிரித்துவிடுவார்களாம்.

பெயர் அவ்வளவு தூரம் போனது. துணியை நெய்தவருக்கு என்ன கிடைத்தது? ஒல்லாந்தர் நெசவாளரிடம் நேரே வாங்கவில்லை. மலையா என்று அழைக்கப்பட்ட அச்சுதப்ப செட்டி, அவருடைய தம்பி சின்னண்ண செட்டி போன்ற பெருவணிகர்களுக்கு முன்பணம் கொடுத்தார்கள். அது சிறு தரகருக்கும், அங்கிருந்து தறித் தலைவருக்கும், கடைசியில் நெசவாளருக்கும் இறங்கும். துணி அதே படிகளில் மேலே ஏறும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கழியும். முன்பணம் வாங்கியவர் வேறு ஆளுக்கு நெய்ய முடியாது. அரிசி விலை ஏறினால் நட்டம் தறிக்காரருடையது. ஜாவாவில் துணி விலை ஏறினால் லாபம் ஒல்லாந்தக் கம்பெனியுடையது. இன்று இந்த ஏரிக்கரையில் அந்தத் துணிக்குத் தறி இல்லை. அந்த வகைக் கைக்குட்டையை இருபதாம் நூற்றாண்டிலும் நெய்துகொண்டிருந்த ஊர் ஆந்திரத்துச் சீராலா.

இடையில் ஸ்காட்லாந்து வருகிறது. 1780களில் கிளாஸ்கோ வட்டாரத் தறிகளில் கட்டம் போட்ட கைக்குட்டை நெய்யத் தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் "புல்லிகேட்". நம் ஊரேதான். அங்கே கைத்தறிக்காரர்களில் ஒரு கூட்டத்தாரே புல்லிகேட் நெசவாளர் எனப்பட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து பெய்ஸ்லி என்ற ஊர் ஏழெட்டு மைல்தான். பொன்னேரியிலிருந்து இங்கே வரும் தூரம்கூட இல்லை. அடுத்த நூற்றாண்டில் அந்தப் பெய்ஸ்லிதான் காஷ்மீர்ச் சால்வையைப் பார்த்து நெய்து, மலிவாக விற்று, மாங்காய் வடிவத்துக்கே தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. நம் கைக்குட்டைக்கும் காஷ்மீரத்துச் சால்வைக்கும் நேர்ந்தது ஏறக்குறைய ஒரே வட்டாரத்துத் தறிகளால். காஷ்மீரைப் பற்றிப் பேச எனக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

காஷ்மீரத்துத் தொழில்களைப் பதினைந்தாம் நூற்றாண்டு சுல்தான் சைனுல் ஆபிதீனோடு இணைத்துச் சொல்வார்கள்; பாரசீகப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து ஆதரித்தவர். அவற்றில் சால்வை ஒன்று போதும் நமக்கு. லடாக்கின் சாங்தாங் மேட்டு நிலத்தில் கடுங்குளிரில் வளரும் ஆட்டின் அடிமயிர்தான் பஷ்மினா. அது ஸ்ரீநகர் வீடுகளுக்கு வந்து பெண்கள் கையால் நூலாகிறது. நெசவு ஆண்களுடையது, விற்பனையும் ஆண்களுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட டோக்ரா அரசர்கள் சால்வை மேல் வரி போட்டு, வசூலிக்கத் தனித் துறையே வைத்திருந்தார்கள். நெசவாளர் பட்டறையை விட்டு வேறு வேலைக்குப் போகவும் முடியாது. 1865 ஏப்ரல் 29 அன்று ஜல்தாகர் மைதானத்தில் அந்த நெசவாளர்கள் திரண்டார்கள். படை விரட்டியதில் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஐந்தே ஆண்டில், 1870இல், பிரான்சும் பிரஷ்யாவும் போரில் இறங்கின. சால்வையை அதிகம் வாங்கியது பிரான்ஸ். சந்தை படுத்தது. 1877இல் தொடங்கிய பஞ்சம் மிச்சத்தையும் பார்த்துக்கொண்டது. அழகான பொருளைச் செய்தவர்கள் நன்றாக வாழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால், இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு அங்கே நிலைமை ஓரளவு மாறியிருக்கிறது. காஷ்மீர் பஷ்மினாவுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இழை 16 மைக்ரானுக்கு மேல் போகக் கூடாது, கையால் நூற்றுக் கையால் நெய்திருக்க வேண்டும் என்பது விதி. சோதனைக் கூடத்தில் பார்த்து முத்திரை ஒட்டித் தருகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ ஸ்ரீநகரைக் கைவினைக்கான படைப்பாக்க நகரங்களில் ஒன்றாகச் சேர்த்தது. எல்லாம் சரி. நூற்கும் பெண்ணுக்குக் கூலி எப்படித் தெரியுமா? முடிச்சுக் கணக்கு. பத்து இழை சேர்ந்தது ஒரு முடிச்சு. ஒரு முடிச்சுக்கு ஒரு ரூபாய் என்பதே நெடுங்காலம் இருந்த கூலி. சால்வை விலை ஆயிரக்கணக்கில் ஏறியபோதும் முடிச்சு ஏறவில்லை. பல பெண்கள் ராட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். அமிர்தசரஸ் விசைத்தறி அந்த இடத்தைப் பிடித்தது. பிறகுதான் கூலியைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சே வந்தது.

கூலி ஏறாததற்கு அங்கேயும் காரணம் இதுதான்: வீட்டுக்குள் இருந்து செய்கிறாள், சும்மா இருக்கிற நேரத்தில் செய்கிறாள், வருவது வரட்டும். இங்கே முன்வரிசையில் ஓலையும் கையுமாக உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டு வெளியே போகாமல் செய்யலாம் என்பதால்தான் இந்தத் தொழில் இங்கே தழைத்தது. வெளியே போகாததால்தான் விலையும் தெரியாமல் போனது. தந்த வரமே சாபமும் ஆனது என்று மேடைப் பேச்சாகச் சொல்லலாம். எனக்கு அது சாபமாகப் படவில்லை. இது ஒரு கணக்குப் பிழை. கணக்குப் பிழையைத் திருத்தலாம்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். யாருடைய கணக்கும் இல்லை, நானே வைத்துக்கொண்ட எண்கள். ஒரு மூடிப் பெட்டிக்கு ஓலை வாங்கியது, சாயம், விறகு எல்லாம் சேர்த்து 60 ரூபாய். வகிர்ந்து, சாயமிட்டு, பின்னி முடிக்க இரண்டு நாள் உழைப்பு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024–25இல் வைத்த நாள் கூலி 319 ரூபாய். இரண்டு நாளுக்கு 638. ஆக, அடக்கமே 698 ரூபாய். இந்தப் பெட்டியை 200 ரூபாய்க்குக் கொடுத்தால் 498 ரூபாயை வாங்குகிறவருக்கு நாம் தானமாகக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். வாங்குகிறவரோ, ஏழைப் பெண்ணுக்கு உதவினோம் என்ற நிறைவோடு போகிறார். இதில் யார் யாருக்கு உதவினார்கள்? "அவ்வளவு விலைக்கு யார் வாங்குவா?" என்பீர்கள். சரியான கேள்வி. எல்லாப் பெட்டியையும் அந்த விலைக்கு விற்க முடியாது. ஆனால் எந்தப் பெட்டியில் நம் உழைப்பு எவ்வளவு போகிறது என்று எழுதி வைத்தால்தான், எதைச் செய்வது, எதை விடுவது என்று தெரியும். ஒரு மணி நேரத்தில் முடியும் விசிறியும் கிலுகிலுப்பையும் சில சமயம் இரண்டு நாள் பெட்டியைவிட அதிகக் கூலி தரும். நுணுக்கமான பெட்டியை, அதன் விலை தெரிந்து தேடி வருகிறவருக்கு மட்டும் செய்யலாம்.

வாங்குகிறவர்கள் இல்லாமலும் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு தடை செய்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. கல்யாண வீட்டுத் தாம்பூலத்துக்கு, இனிப்புக் கடைக்கு, பேரீச்சம்பழம் அடைத்துக் கொடுக்க என்று ஓலைப்பெட்டி கேட்கிறவர்கள் உண்டு. ஆனால் கேட்கிறவர் ஒரே அளவில் ஐந்நூறு கேட்பார், ஒரே தேதியில் கேட்பார். தனித்தனி வீட்டில் தனித்தனியாகப் பின்னுகிறவர்களால் அது முடியாது. இங்கேதான் இந்த ஏரியிடமே கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களிடம் பாடு முறை இருக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகே இறால் அதிகம் படும் இடம், குறைவாகப் படும் இடம் என்று உண்டு. எல்லோரும் நல்ல இடத்துக்கே போனால் சண்டைதான் மிஞ்சும். அதனால் வலை போடும் இடங்களை முறை வைத்து, சீட்டுப் போட்டு, மாறி மாறிப் பிரித்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை வேறு இடம். இதில் சேராதவர்களுக்கு இடமில்லை, பெண்களுக்கும் இடமில்லை என்ற குறை உண்டு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் முறை வைத்துப் பிரிக்கும் அந்த ஒழுங்கு அருமையானது. ஓலை வேலைக்கும் ஒரு பாடு வைத்துக்கொள்ளலாமே? பெரிய ஆர்டர் வந்தால் தெரிந்தவர், அக்கம்பக்கத்தவர் என்று போகாமல் முறைப்படி எல்லா வீட்டுக்கும் பங்கு. நல்ல கூலி உள்ள வேலையும் குறைந்த கூலி உள்ள வேலையும் மாறி மாறி. தரம் பார்க்கும் பொறுப்பு மூத்த கைகளுக்கு. மூடி இறங்கும் வேகத்தை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். எந்த மைக்ரான் கருவியும் வேண்டாம்.

புவிசார் குறியீடு வாங்கலாமா என்று சிலர் கேட்டீர்கள். செட்டிநாட்டுக் கொட்டானுக்கு இருக்கிறது, பத்தமடைப் பாய்க்கு இருக்கிறது. வாங்கலாம், தவறில்லை. ஆனால் குறியீடு போலியைத் தடுக்குமே தவிர, கூலியைத் தானாகக் கூட்டாது. காஷ்மீரத்து முடிச்சுதான் சாட்சி.

மரம் இல்லாமல் ஓலை இல்லை. பனை நம் மாநில மரம். ஆனாலும் செங்கல் சூளைக்கு வெட்டிக்கொண்டே இருந்தோம். 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். 76 லட்சம் விதை தருவதாகவும் சொன்னார்கள். விதைத்த பனை முதிர்ந்து ஓலை தரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை இருக்கிற மரத்தைத்தான் காக்க வேண்டும். ஒரு மரத்தில் குருத்தை அடிக்கடி எடுத்தால் மரம் தளரும். ஏறி வெட்டும் ஆளும் குறைந்துவிட்டார். அவர் கூலியையும் பெட்டிக் கணக்கில் சேர்த்தால்தான் அவர் நாளையும் ஏறுவார்.

ஏரியும் முன்போல இல்லை. முகத்துவாரம் மணலில் தூர்கிறது, தெற்கே துறைமுகங்கள் பெருகிவிட்டன, ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகத் தடை. மீன்பாடு குறையும் மாதங்களில் அடுப்பு எரிவது பல வீடுகளில் பெண்களின் வருமானத்தில்தான். அந்த வருமானத்தை உபரி என்று சொல்வதை இனியாவது நிறுத்த வேண்டும்.

முடிக்கும் முன், வந்திருக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் துறை அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஓலை காய வெயில் வேண்டும். மாசியிலிருந்து வைகாசி வரை குருத்து வாங்கிக் காயவைத்து, ஈரம் படாமல் கட்டி வைத்துவிட்டால், ஐப்பசி கார்த்திகை மழையிலும் கை நிற்காது. ஆகவே பணம் தேவைப்படுவது மாசியில். அப்போது கையில் பணம் இல்லாததால்தான் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு பெட்டிக்கு விலை வைப்பவர் அந்த வியாபாரிதான், ஒல்லாந்தர் காலத்தைப் போலவே. மானியமும் கடனும் ஆடிக்குப் பிறகு வந்து பயனில்லை. மாசி பிறக்கும் முன் ஓலை பின்னுகிறவர்களின் சங்கக் கணக்கில், பெண்கள் கையெழுத்தில் எடுக்கும்படி, சுழல்நிதி இருக்க வேண்டும். ஓலை வைக்க மேடான தரையும் ஒழுகாத கூரையும் உள்ள ஒரு கொட்டகை வேண்டும். பயிற்சி முகாம் வேண்டாம். அவர்களுக்குப் பின்னத் தெரியும்.